மைதானத்துக்கு ஓர் அர்ச்சனை

தமிழரும் குடியேறிய அம்மருட் புறநகர் அடுக்குமாடிகளுக்குக் கீழே இருக்கும் ரக்பி மைதானம், தன்னைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆளை எடுத்துக்கொள்ளும். எடுக்கப்பட்டவர் சாவதில்லை. புல்லுக்கு அடியில், களிமண்ணுக்குள், மேலே பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். சேற்று நிலத்தை முதன்முதலாக மட்டப்படுத்தியபோது நில அளவையாளர் ஒருவர் போனார். மரத்தாலான பார்வையாளர் மேடை கட்டியபோது தச்சர் ஒருவர். விளக்குக் கம்பங்கள் நட்டபோது, கணவனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த மேரின் என்ற பெண், சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாகப் போனாள். மழை பெய்து புல் படிந்த நாட்களில் அவர்களுடைய முகங்கள் மங்கலாகத் தெரியும். நகரசபை, இது இந்தக் களிமண்ணின் இயல்பு என்று அறிவித்துவிட்டு, அந்த இடங்களில் புல்வெட்டும் இயந்திரத்தை மெதுவாக ஓட்டச் சொன்னது. உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கையசைத்துவிட்டுப் போவார்கள். உள்ளூர் அணி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவர்களுக்குப் பெரிய தண்டனை என்று அடுக்குமாடிக்காரர்கள் பகிடி விடுவதும் உண்டு.

பழைய மேடையை இடித்துக் கொங்கிரீட்டில் கட்டப்போகிறார்கள், புல்லுக்கு அடியில் சூடாக்கும் குழாய்கள் பதிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் அந்தப் பகிடிகள் நின்றுபோயின. மைதானத்தைக் குறுக்கே கடந்து ரயில் நிலையத்துக்குப் போனவர்கள் சுற்றுப்பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். வேலையாட்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். எட்டாம் மாடியில் இருந்த புஷ்பராணிக்கோ சோறு இறங்கவில்லை. அவளுடைய ஒரே மகள் யதுர்ஷா அந்த மைதானத்துப் பெண்கள் அணியில் விளையாடினாள். இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் அவள் முன்வரிசை, நட்டநடு ஆள். பாலர் பாடசாலையில் ஊரார் பிள்ளைகளை விழாமல் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட புஷ்பராணிக்கு, தன் பிள்ளை தலையைக் கொண்டுபோய் மண்ணுக்குப் பக்கத்தில் வைப்பது பொறுக்க முடியாததாக இருந்தது. போகாதே என்று கெஞ்சிப் பார்த்தாள். மகள் சிரித்தாள். பஸ் ஓட்டுநரான கணவர் யோகலிங்கம் யார் பக்கமும் சேராமல் வேலைக்குப் போய்வந்தார்.

அதனால் புஷ்பராணி, மகளின் பள்ளிச் சோதனைக்கும் கார் லைசென்ஸுக்கும் காய்ச்சலுக்கும் எதைச் செய்தாளோ அதையே செய்தாள். குறொன்லாண்ட் கடைத்தெருவில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வாங்கித் தட்டில் அடுக்கி, கோல் கம்பத்தின் அடியில் வைத்தாள். கற்பூரம் காட்டி, யதுர்ஷா, விசாக நட்சத்திரம், துலா ராசி என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். யாரைக் காக்க வேண்டுமோ அவர் பெயரைச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். தேங்காய் சரிபாதியாக உடைந்தது, அதன் தண்ணீரை மண் ஒரே மிடறில் உறிஞ்சிக்கொண்டது. மனம் குளிர்ந்து திரும்பினாள். குடைபிடித்துத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ஸ்ரீலேகா, சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவள், படியேறும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஆன்ட்டி, கோயில்ல பேர் சொல்றது சாமி பார்த்துக்கணும்னுதானே? இது ஆளை எடுத்துக்கிற இடம். இதுகிட்ட ஏன் பேரைச் சொன்னீங்க?”

புஷ்பராணி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரமே யதுர்ஷா இறங்கத் தொடங்கினாள். பனியில் அவள் கால்தடம் மற்றவர்களுடையதைவிட ஆழமாக விழுந்தது. பிறகு வீட்டு மரத்தரையில் பாதத்தின் அளவுக்குப் பள்ளங்கள் தோன்றின. எட்டாம் மாடியிலும் மண் அவளைத் தேடி வருகிறதே என்று புஷ்பராணி அவளுடைய பயணப்பையை அடுக்கினாள். ஸ்தவாங்கர் நகரில் இருந்த தங்கை வீட்டுக்கு மகளை அனுப்பினாள். அங்கே விமான நிலையத்துத் தரைக்கற்களுக்குள் யதுர்ஷா கணுக்கால்வரை போய்விட, தூக்கி எடுத்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். புஷ்பராணி இன்னொரு தட்டோடு ஓடிப்போய்த் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். இந்த முறை தேங்காய்த் தண்ணீர் உறிஞ்சப்படாமல் மண்மேலேயே தேங்கி நின்றது.

திறப்பு விழாவன்று காலை, காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே யதுர்ஷா சொன்னாள்:

“எங்கை நிண்டாலும் இறங்கிறன் அம்மா. விளையாடிக்கொண்டே இறங்கிறனே.”

புதிய மேடை நிறைந்திருந்தது. முதல் ஸ்க்ரம் கலைந்து எல்லோரும் நிமிர்ந்தபோது யதுர்ஷா இடுப்பளவு மண்ணுக்குள் நின்றாள். நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். புஷ்பராணி சேலையோடு கம்பித் தடுப்பைத் தாண்டி ஓடி மகளின் வலக்கையைப் பிடித்தாள். அவளை யோகலிங்கம் பிடித்தார், யோகலிங்கத்தை இரண்டு அணிகளும் பிடித்தன. நெஞ்சு போனது, முகம் போனது, முழங்கை போனது. மணிக்கட்டோடு மண் நின்றது, தாய் விடவில்லை என்பதால்.

ஆட்டம் தொடர்வதற்கு வசதியாக, பக்கக்கோட்டை அந்தக் கைக்கு உட்புறமாக நகர்த்தி வரைந்தார்கள். விளையாட்டுச் சங்கத்தார் புஷ்பராணிக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வேலை முடிந்து தினமும் வருகிறாள். மகளின் நகம் வெட்டுகிறாள், மழையென்றால் அந்தக் கைக்குக் குடை பிடிக்கிறாள். புதிய குழாய்களின் தயவில் பனிக்காலத்திலும் கை குளிர்வதில்லை. ஆனால் மாலையில் சனம் கலைந்த பிறகு, அந்த விரல்கள் சின்ன வயதில் இருட்டைக் கண்டு பிடித்த மாதிரியே அவளை இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு நோகப் பிடித்தாலும் புஷ்பராணி கையை இழுக்கமாட்டாள்.

இந்தக் கோடையில், திருத்த வேலை எதுவும் நடக்காதபோதே, நாற்காலியின் கால்கள் புல்லுக்குள் இறங்கத் தொடங்கின. யோகலிங்கம் அதைக் கண்டு, அடியில் கொடுக்க அகலமான பலகை ஒன்று கொண்டுவந்தார்.

“வேண்டாம், விடுங்கோ,” என்றாள் புஷ்பராணி. “பிள்ளை தனியப் பயப்பிடுறாள்.”

அவர் பலகையைக் காருக்குள் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.