மடித்த நோட்டு தும்மும்

அடுத்த தெருவில் எவனாவது நோட்டு எண்ணினால், படுத்த படுக்கையிலேயே எத்தனை என்று சொல்லிவிடுவாராம் காசாளர். முப்பத்தாறு வருடம் வங்கிக் கூண்டில் தேறிய காதாம். ஒருமுறை இடி இடித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது வீட்டில் நோட்டு கிழிந்த சத்தம் கேட்டு, எழுந்துபோய்ப் பசை கொடுத்துவிட்டு வந்தாராம்.

"அளக்காதீங்க அத்தான், படி உடைஞ்சிடும்" என்றான் மச்சினன்.

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு விமானம் ஏறியதிலிருந்தே அவனுக்குக் காசாளரின் இடுப்புப் பை மேல்தான் கண். பத்து நாள் செலவுக்கான மொத்தப் பணமும் அதில் இருந்தது. அது அவன் கைக்குப் போனால் காசாளர் ஒரு டீக்குக்கூட அவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அதற்கு நாண்டுகொண்டு சாகலாம்.

"இன்னிக்குப் பணம் மாத்துறதுல ஒரு தப்பு நடந்தாலும் பை எனக்கு."

"சரிடா" என்றாள் மனைவி, கணவர் வாய் திறப்பதற்குள். தம்பி பாசம்!

பணம் மாற்றும் கடையில் தடித்த கண்ணாடி. கீழே எலிப்பொந்து மாதிரி ஒரு ஓட்டை. உள்ளே இருந்தவன் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். காசாளர் தந்த பணத்துக்கு ஈடாக ஐம்பது நோட்டை விசிறியாக விரித்து, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். சரசரசர. நோட்டுக்கட்டை வெளியே தள்ளி, ஒட்டியிருந்த அறிவிப்பைச் சுட்டினான்.

"'எடுத்துட்டா அப்புறம் பேச்சே கிடையாது'னு போட்டிருக்கு" என்று படித்துவிட்டு மச்சினன் கையை நீட்டினான்.

"தொடாதே!" காசாளர் தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மூணு நோட்டை மடிச்சுச் சொருகியிருக்கான். விளிம்பை எண்ணினா ஒண்ணு ரெண்டாத் தெரியும். பதினேழு, முப்பத்தொண்ணு, நாப்பத்தாறு."

"இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுதாக்கும்?"

"மடிச்ச நோட்டு தும்மும், மாப்ளே. உனக்கு உன் குரல் மட்டுந்தானே கேக்கும்."

உண்மையில் அவருக்குக் கேட்டது இரண்டுதான். மூன்றாவது வாய்வேகத்தில் வந்துவிட்டது.

வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உள்ளே இருந்தவன் நகரச் சொல்லிக் கையை வீசினான். அத்தானின் மூக்கை ஊரறிய உடைக்க இதைவிட நல்ல நேரம் வருமா? மச்சினன் கண்ணாடியைப் படபடவென்று தட்டினான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடச் சொல்லிச் சைகை காட்டினான். உள்ளே இருந்தவன் மறுத்தான், உறுமினான், ஓட்டையின் கதவை இழுத்து மூடப் பார்த்தான். மச்சினன் முழங்கையை ஓட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

வேறு வழியில்லாமல் கடைக்காரன் பிரித்துப் போட்டான். பதினேழாவது நோட்டு இரண்டாக மடிந்திருந்தது. முப்பத்தொன்று என்று எண்ணும் இடத்தில் இன்னொன்று. காசாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ, நாப்பத்தாறுலயும் ஒண்ணு!" மனைவியின் குரல்.

உச்சுக்கொட்டிய வரிசை இப்போது கண்ணாடியை நோக்கிக் கத்தியது. உள்ளே இருந்தவன் மூன்று நோட்டை விட்டெறிந்தான். காசாளர் நிதானமாகப் பொறுக்கி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தார். மூவரும் தெருவில் இறங்கினார்கள்.

"என்னடா, ஊருக்குப் போய் 'அத்தான் அளக்கிறாரு'ன்னுதானே சொல்லப்போறே?" என்றாள் அக்கா.

அவன் சிவந்துபோன முழங்கையைத் தேய்த்துக்கொண்டே நடந்தான்.

"நடந்துச்சுக்கா. மூணும் கரெக்ட்டு. கேட்டுத் தொலைச்சிட்டாரு."