கோழிக்கூட்டுக் கூரை

எங்கள் ஊரில் மொத்தம் ஆறு வீடு. மெயின் ரோட்டிலிருந்து மண்பாதையில் இரண்டு மைல் உள்ளே வர வேண்டும். திரும்பும் இடத்தில் ஊர்ப்பெயர் எழுதிய தகரப் பலகை ஒன்று நின்றது. போன வருஷம் ஒரு லாரி அதைச் சாய்த்துவிட்டுப் போக, என் வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கோழிக்கூடு ஒழுகுதுன்னு உயிர வாங்கினியே, இந்தா."

அவர் கொத்தனார். ஊரார் வீட்டுக்கெல்லாம் மாடி கட்டுவார், சொந்தக் கோழிக்கூட்டுக்கு மட்டும் நேரம் கிடைக்காது. எனக்கு வாயெல்லாம் பல். பலகை எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு வழி எங்களுக்குத் தெரியாதா? என்னையும் சேர்த்து ஆறு வீட்டுக்கும் அவ்வளவுதான் மூளை.

போன மாதம் ஒரு நாள் மதியம், மழை மூட்டமாக இருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கொழுந்தன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் கழித்து டிரைவர் கூப்பிட்டார்.

"அண்ணே, போர்டு எதுவும் காணோமே. ரெண்டு தடவ போயிட்டுத் திரும்பிட்டேன்."

"பெரிய மரத்துக்கிட்டத் திரும்புங்க" என்றார் கொழுந்தன். அந்த ரோடு முழுக்கப் பெரிய மரம்தான்.

வீட்டுக்காரரை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கூட்டிலிருந்து பலகையைப் பிடுங்கினேன். ஆணி கையைக் கிழித்தது. கொழுந்தன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ரோட்டுக்குப் போய், பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்து நின்றது.

"இத யாரும்மா கழட்டினது?" என்று கேட்டார் டிரைவர்.

"தெரியலப்பா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

பலகையோடுதான் வண்டியில் ஏறி வீட்டுக்கு வழி காட்டினேன். ஸ்ட்ரெச்சரோடு வண்டியில் ஏற்றும்போது அவர் கண் திறந்து என் மடியில் இருந்ததைப் பார்த்தார்.

"ஏன்டி பிரிச்ச? மழ வருது. கோழி நனையும்ல."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அரை மணி முன்னால் வந்திருக்கலாமே என்றார்.

அவருடைய கடப்பாரையால் ரோட்டுத் திருப்பத்தில் நானே குழி தோண்டிப் பலகையை நட்டேன். கோழி எச்சத்தின் கறை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இப்போது வண்டிகள் எல்லாம் சரியாகத் திரும்புகின்றன.