சிரிக்கச் சொல்லாத சித்தப்பா

ஆதிரையின் இடது கன்னத்தைத் தன் தோளோடு அழுத்தியபடி விஜயஸ்ரீ கூட்டத்தைத் தாண்டி உள்ளே வந்தாள். நான்கு வருடமாகக் கைக்குப் பழகிப்போன காரியம். கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை, நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்தாற்போல, பிள்ளைக்குப் பிறவி மச்சம். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வருகிறவர்கள்கூட முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

கூடத்தில் காந்திமதிநாதனைக் கிடத்தியிருந்தார்கள். அவள் கணவன் பாலசுப்பிரமணியனின் தம்பி. மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நேற்றுச் சாயங்காலம் வேலைவிட்டு வந்து, சட்டையைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழவில்லை.

ஆதிரையின் முதல் பிறந்தநாளுக்கு எல்லாரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். போட்டோக்காரர் சொல்வதற்கு முன்பே விஜயஸ்ரீ பிள்ளையின் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். ஆளாளுக்குச் சிரி சிரி என்று கைதட்ட, பிள்ளை வீரிட்டது. காந்திமதிநாதன் போட்டோக்காரரின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரே செல்போனில் எடுக்கத் தொடங்கினார்.

"அவள சிரிக்கச் சொல்லாதிய மதினி. அவ பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார்.

கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு என்று பார்க்காமல் வெள்ளை வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்துவிடுவார். போகிறவர்கள் சிரித்தாலும் எழமாட்டார். குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருநாள், "ஏட்டி, மீனுக்குச் சளி பிடிச்சா எங்கன மூக்கு சிந்தும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பிள்ளை ஆற்றை உற்றுப் பார்த்து யோசித்தது. "உங்க வேட்டில" என்றது. தன் பதிலுக்குத் தானே விழுந்து புரண்டு சிரித்தது. அவர் விரல் அப்போதுதான் அசைந்தது.

அன்று எடுத்ததையெல்லாம் காட்டினார். தயிர்சோறு அப்பிய வாய். ஆட்டை விரல் நீட்டி அதட்டும் ஒரு பெரிய மனுஷி. மச்சம் எல்லாவற்றிலும் இருந்தது, நல்ல வெளிச்சத்தில், நேராக. ஆனால் விஜயஸ்ரீயின் கண் அதில் போய் நிற்கவில்லை.

"இவ இவ்வளவு சேட்டையா?"

"நீங்க பாத்ததில்லையா மதினி?" என்று அவர் பையக் கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவள் அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து காந்திமதிநாதனைக் குளிப்பாட்டி முடித்ததும், கடைசியாக ஒரு படம் எடுக்க ஆள் வந்தது. குடும்பத்தார் தலைமாட்டில் நின்றார்கள். அத்தை ஆவுடைத்தாய் குனிந்து, "பிள்ளைய அந்தப் பக்கமா திருப்பி நிறுத்து, விஜயா" என்று காதருகே சொன்னாள்.

விஜயஸ்ரீயின் கை தானாக எழுந்தது. பிறகு இறங்கியது.

"இருக்கட்டும் அத்தை. அவ சித்தப்பாவப் பாத்து நிக்கட்டும்."

ஆதிரை வெகுநேரம் பார்த்தாள். "சித்தப்பா போட்டோ எடுக்கதுக்கா படுத்திருக்காவ?"

பாலசுப்பிரமணியன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தினார்.

"ஆமாட்டி" என்றாள் விஜயஸ்ரீ.

கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கு ஆண்கள் கிளம்பிப் போனார்கள். பெண்கள் தெருமுனைவரை வந்து நின்றார்கள். சேகண்டிச் சத்தம் தேய்ந்து நின்றபோது, தெருவெல்லாம் பொரியும் செவ்வந்தி இதழும் கிடந்தன. மைனாக்கள் இறங்கின. ஆதிரை கையை உதறிக்கொண்டு ஓடி, அவற்றின் நடுவே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் பொரியை ஏந்தி நீட்டினாள். வெயில் அவள் முகம் முழுக்க விழுந்தது.

"பிள்ளையத் தூக்கிட்டு வா, ஆளுக பாக்காவ" என்றாள் ஆவுடைத்தாய்.

விஜயஸ்ரீ அசையவில்லை. மைனா ஒன்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஓரடி கிட்டே வந்தது.