தவளைக்கண்ணிக்குப் பாரம்

என் தம்பி கர்டிஸுக்கு எடை என்றாலே ஆகாது. அவன் உடம்பு எடையைச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கார் எடையைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் வளைந்து வளைந்து போகும் பந்தயத் தடங்களில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். அங்கே இலேசான காருக்குத்தான் மவுசு. அதனால் எங்கே இரும்பைக் கண்டாலும் துளை போட்டுவிடுவான். பிரேக் பெடலில் துளை, கதவுக் கீலில் துளை, சீட்டைத் தாங்கும் பட்டையில் துளை. நான் கொஞ்சம் அசந்திருந்தால் என் பூட்ஸிலும் போட்டிருப்பான்.

கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டு விளக்கும் எஞ்சின் மூடியின் மேல் முழித்துக்கொண்டு நிற்கும். அதனால் எங்கள் வீட்டில் அதற்குத் தவளைக்கண்ணி என்று பேர். மூன்று குளிர்காலம் எங்கள் ஊர் எல்கோவில் என் கராஜில் அது போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. என் பிக்கப் வெளியே பனியில் நின்றது. கேட்டால், “அக்கா, இது ரெக்கார்டு உடைக்கப்போற வண்டி” என்பான். எஞ்சின் ஒரு லிட்டர்கூட இல்லை. வற்றிய ஏரி ஒன்றின் தட்டையான உப்புத் தரைதான் எங்கள் உப்பு வெளி; வருஷா வருஷம் ஆகஸ்டில் அங்கே நேர்கோட்டு வேகப் போட்டி நடக்கும். இந்த அளவு எஞ்சினுக்கு அங்கே இருக்கும் ரெக்கார்டு மணிக்கு நூற்றிருபத்தேழரை மைல்.

ஓட்டுவது நான். கார் உருண்டால் ஆளைக் காப்பாற்றும் கம்பிக்கூண்டு வைத்த பிறகு உள்ளே மிஞ்சிய இடத்தில் கர்டிஸின் ஒரு தொடைதான் போகும். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். உறைந்த மலைச் சாலையில் பஸ்ஸின் பின்சக்கரம் நழுவ நினைக்கும்போதே என் இடுப்புக்குத் தெரிந்துவிடும். கர்டிஸ் அதையெல்லாம் நம்ப மாட்டான். அவனுக்கு மீட்டர் சொன்னால்தான் வேதம். எனக்கு ரெக்கார்டு வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் அதைவிட எனக்கு வேண்டியிருந்தது வேறொன்று. நான் இறங்கி வந்து, கார் இப்படிச் செய்தது என்று சொன்னால், என் தம்பி ஒரு தடவையாவது அதை நம்ப வேண்டும்.

முதல் ஓட்டத்தில் அவன் பிக்கப்பால் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். வேகம் எடுத்து, கியர் மாற்றி, முழுசாக மிதித்தேன். அந்த வருஷம் உப்பு ஈரமாகவே இருந்தது. வேகத்தை அளக்கும் மைலுக்குள் போனதும் எஞ்சின் அலறியது. ஆனால் கார் முன்னால் போகாமல், இடுப்பைச் சாய்த்துக்கொண்டு மிதந்தது. முடித்துவிட்டு வந்து நின்றால், கர்டிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மீட்டருக்குள் தலையை விட்டான். எஞ்சின் எவ்வளவு சுற்றியதோ, அந்த உச்சத்தில் நின்றுவிடும் முள் ஒன்று அதில் இருக்கிறது. விரல் விட்டுக் கணக்குப் போட்டான்.

“அக்கா! நூத்தி முப்பத்தொண்ணு!”

நேரம் எடுக்கிறவர்கள் தந்த சீட்டில் நூற்றிருபத்திரண்டு என்று இருந்தது.

“அவங்க மெஷின்ல கோளாறு” என்றான்.

“காலைலேருந்து எல்லா வண்டிக்கும் அதே மெஷின்தான்டா. நமக்கு மட்டுமா கோளாறு?”

“அப்போ நீ கால எடுத்துட்ட.”

“எடுக்கல.”

“கொஞ்சூண்டு எடுத்திருப்ப. உனக்கே தெரிஞ்சிருக்காது.”

என் காலை நான் எடுத்தேனா இல்லையா என்பது எனக்குத் தெரியாதாம். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னேன்.

“சக்கரம் வழுக்குது கர்டிஸ். எஞ்சின் சுத்துது, சக்கரம் சுத்துது, கார் போகல. பின்னால வெயிட்டு போடு. இங்க எல்லாரும் போடறாங்க.”

“வெயிட்டா? மூணு வருஷமா ஒவ்வொரு அவுன்ஸா எறக்கியிருக்கேன். அதுல கொண்டுபோய் வெயிட்டு போடணுமா?”

“குளிர்காலம் வந்தா உன் பிக்கப்புல மணல் மூட்ட போடறியா இல்லியா?”

“போடறேன்.”

“எதுக்குப் போடற?”

“வழுக்காம இருக்க.”

நான் அவனையே பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். எங்காவது உறைக்குமா என்று காத்திருந்தேன்.

“அது பிக்கப்புக்கா” என்றான். “இது ரேஸ் கார்.”

இவனோடு ஒரே வீட்டில் எப்படி வளர்ந்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் அவன் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? டயரில் காற்றைக் கூட்டினான், கார்புரேட்டரைத் திருகினான், எனக்குக் காபி கொடுக்க மாட்டேன் என்றான். காபிக்கும் எடை உண்டாம். அந்த ஓட்டத்தில் தவளைக்கண்ணி அளக்கும் மைலுக்குள்ளேயே பின்பக்கத்தை முன்னால் கொண்டுவந்தது. இரண்டரைச் சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. கண்ணுக்கு எட்டியவரை உப்பு, மோத ஒன்றுமில்லை. பரிசோதகர் மெர்ல் காரைச் சுற்றி வந்து, என்னைக் கட்டியிருந்த சீட் பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இன்னொரு வாட்டி சுத்துச்சுன்னா ட்ரெய்லர்ல ஏத்திட்டு வீட்டப் பாக்கப் போங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

கர்டிஸ் அப்போதும் மீட்டரைத்தான் பார்த்தான். “நூத்தி முப்பத்திமூணு காட்டுது, பாத்தியா? எஞ்சின் பிரமாதம்!” என்றான். பின்பக்கமாகப் போனபோது எவ்வளவு காட்டியது என்று கேட்கலாமா என்று இருந்தது.

நாங்கள் கூடாரத்துக்குள் கத்திக்கொண்டிருந்தபோதுதான் வெல்டா வந்தார். நாங்கள் துரத்திக்கொண்டிருந்த ரெக்கார்டு அவருடையது. எழுபது வயதைத் தாண்டிய அம்மாள், இன்னும் ஓட்டுகிறார். நாலு கூடாரம் தள்ளி அவர் முகாம்.

“சத்தம் எங்க எடம் வரைக்கும் கேக்குது” என்றார். “கார் வழுக்குதுன்னு இந்தப் பொண்ணு சொல்றது சரிதான். நான் பாத்தேன். எங்கிட்ட ஈயக் கட்டி சும்மா கெடக்கு. நூத்தம்பது பவுண்டு. வேணும்னா எடுத்துக்குங்க.”

எங்கள் உப்பில் இது வழக்கம். ரெக்கார்டு யாருடையதோ அவர்தான் அதை உடைக்க வருகிறவனுக்கு முதலில் ஸ்பேனர் நீட்டுவார். கேட்காமலே நீட்டுவார். நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் கர்டிஸ் என்னைக் கூடாரத்தின் மூலைக்கு இழுத்தான். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பக்கத்து முகாமுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

“புரியலியாக்கா? அவங்க ரெக்கார்டக் காப்பாத்திக்க நம்ம கார்ல கல்லக் கட்டப் பாக்கறாங்க!”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் ஓடிய தடங்களில் அப்படித்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. இங்கே அது அசிங்கம். வெல்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“எங்க ட்ரெய்லர் பக்கத்துல வெச்சிருக்கேன், ரோண்டா” என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹெல்மெட்டை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

“ஈயம் இல்லாம நான் ஏற மாட்டேன். உன் மீட்டர் மேல அவ்ளோ நம்பிக்கைன்னா நீயே ஓட்டு.”

“ஓட்டத்தான் போறேன்!”

வீம்புக்காரன். நிஜமாகவே ஏறினான். வலது காலை விட்டான், இடுப்பைத் திருகினான், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு இறங்கினான். மூச்சை விட்டதும் மாட்டிக்கொண்டான். ஸ்டியரிங் வயிற்றில் அழுந்த, ஒரு கை வெளியே, ஒரு கை உள்ளே. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மெர்லும் இன்னும் இரண்டு பேரும் வந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள்.

“தம்பி, நீங்க உள்ள இருந்தாலே போதுமே, ஈயமே வேணாம்” என்றார் மெர்ல்.

கர்டிஸ் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் உர்ரென்று வெல்டாவின் முகாமுக்குப் போய், ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தான். பின் அச்சுக்கு மேலே பட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்கினான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பெருமூச்சு. தான் பெற்ற பிள்ளைக்குச் சூடு வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவன் முகம்.

மூன்றாவது ஓட்டம். தவளைக்கண்ணி மெதுவாகத்தான் கிளம்பியது. ஆனால் அளக்கும் மைலுக்குள் போனதும் முதல் தடவையாக உப்பை அழுத்திப் பிடித்தது. என் இடுப்புக்கு அடியில் கார் நேராக இருந்தது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல? காலியாக வழுக்கிக்கொண்டு போன பஸ்ஸில் பிள்ளைகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு வருமே, அந்த நிதானம். நேரச் சீட்டில் நூற்றிருபத்தொன்பது.

ரெக்கார்டைத் தாண்டிவிட்டோம்! நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன். கர்டிஸ் ஓடி வந்து மீட்டருக்குள் தலையை விட்டான். வெளியே எடுத்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“சுத்து கொறஞ்சிருக்கேக்கா. எஞ்சின் சோர்ந்துபோச்சு.”

“டேய், வேகம் கூடியிருக்குடா!”

“அது சரி, ஆனா சுத்து கொறஞ்சிருக்கே.”

தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது? உப்பு வெளியில் ஒரு சுவர்கூட இல்லை.

ஒரு ஓட்டத்தில் தாண்டினால் போதாது. தாண்டிய வண்டிகளை வேலிக்குள் தனியாக நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் இன்னொரு ஓட்டம் ஓடவிடுவார்கள். இரண்டின் சராசரிதான் கணக்கு. வேலிக்குள் கொஞ்ச நேரம் காரில் வேலை செய்ய விடுவார்கள். அடுத்த காரின் ஆட்கள் டயரைத் துடைத்து, எண்ணெய் பார்த்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி சோர்ந்துபோகாத எஞ்சினுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். ஈயத்தைத் தொட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன்.

காலையில் குறுக்குக் காற்று. தள்ளிவிட்டான், கிளம்பினேன். அளக்கும் மைலில் பாதி வரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு உப்பில் ஓர் இடம் கறுத்துத் தெரிந்தது. தண்ணீர் ஊறிய இடம். அதில் ஏறியதும் பின்பக்கம் ஒரே வீச்சாகக் குறுக்கே போனது. பக்கத்து ஜன்னல் வழியாகத் தடத்தைப் பார்த்தேன். பயந்துவிட்டேன். காலை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். கார் ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் ஆடிவிட்டு, மனசு மாறி நேரானது. மறுபடி மிதித்தேன். ஆனால் போன வேகம் போனதுதான்.

தடத்தின் கோடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இனி வந்து அவன் என்ன சொல்வான் என்று தெரியும். இந்தத் தடவை அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பிக்கப் புழுதியும் உப்புமாக வந்து நின்றது. கர்டிஸ் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தான். என் சீட் பெல்ட்டுகளை அவிழ்க்கும் அவசரத்தில் கொக்கி இரண்டு தடவை நழுவியது. பிக்கப்பில் இருந்த ரேடியோவில், கார் குறுக்கே திரும்புகிறது என்று சொன்னது வரைதான் அவனுக்குக் கேட்டதாம். அதற்கப்புறம் எதுவும் காதில் விழவில்லையாம்.

“என்னாச்சுக்கா?”

“கால எடுத்துட்டேன்.”

“அது கெடக்கட்டும். என்னாச்சு, சொல்லு.”

மீட்டர் அவன் மூக்குக்கு நேராக இருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. உப்பில் மண்டி போட்டு, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். நான் சொன்னேன். கறுப்பாகத் தெரிந்த இடம், எந்தப் பக்கம் முதலில் போனது, காற்று எங்கே அறைந்தது, இடுப்புக்கு எப்போது தெரிந்தது, எவ்வளவு பயந்தேன், எல்லாம். ஒரு இடத்தில்கூட அவன் குறுக்கே பேசவில்லை. என் தம்பி பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

சராசரியில் மணிக்குக் கால் மைல் குறைந்தது. ரெக்கார்டு வெல்டாவிடமே இருந்துவிட்டது. கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்து, “சே! என்ன கண்ணு இது!” என்று நிஜமாகவே நொந்துகொண்டார்.

ஈயத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போன கர்டிஸ் வரவே இல்லை. தேடிக்கொண்டு போனேன். வெல்டாவின் கூடாரத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். உப்பில் பாரம் ஏன் வேண்டும் என்று விளக்கம் வேறு. யாரிடம்? அந்தப் பாரத்தைக் கொடுத்த வெல்டாவிடம்! வெல்டா வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு, முதல் தடவை கேட்கிற மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார். நேற்றுச் சொன்ன சொல்லுக்கு ஒரு மன்னிப்பு கேட்டானா இவன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் உள்ளே போனேன்.

“பின்பக்கம் மொதல்ல எடது பக்கமாத்தான் போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். “சைடு ஜன்னல்ல தடம் தெரியுது. அப்படித் தெரிஞ்சா யாருக்குத்தான் பயம் வராது? நாங்களும் பயந்துட்டோம். கால எடுத்துட்டோம்.”

கால் என்னுடையது. ஆனாலும் நான் திருத்தவில்லை. ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிச்சத்தையும் அவனையே சொல்ல விட்டேன்.