கடைசியாக வருபவளின் நேரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கே தெரியும். விளையாட்டு வகுப்பில் ஓட்டக்காரிகள் மட்டும் கைதட்டல் வாங்கிக்கொண்டு போக, மற்றதுகள் ஓரமாக நின்று நகம் கடிப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதனால்தான் இந்த வருடம் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்தேன். நாலு பேரில் கடைசியாக ஓடி முடிப்பவளின் நேரத்துக்குத்தான் அணிக்கே மதிப்பெண். பின்தங்கியவளை மற்றவர்கள் தூக்கிவிட வேண்டும், எதையும் நால்வரும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். உடம்பு முடியாமல் வராதவளைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றும் சொன்னேன். காய்ச்சல்காரியால் மற்றவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

மூன்றாவது அணியில், குண்டாக இருப்பதால் எல்லோரும் ‘பஞ்சு’ என்று கூப்பிடும் பிள்ளை இருந்தாள். பத்தடி ஓடினாலே அவளுக்கு மூச்சிரைக்கும். மற்ற மூவரும் அவளை விடவே இல்லை. இடைவேளைகளில் ஓடவைத்தார்கள், அவள் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். கணக்கு டீச்சர் மட்டும், அந்தப் பிள்ளை இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை, என்னவென்று பார் என்றாள். உன் வேலையைப் பார் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

மதிப்பெண் போடும் ஓட்டத் தேர்வுக்கு முதல் நாள் மதியம் அந்த அணியின் தலைவி வந்து நின்றாள்.

“மிஸ், நாளைக்கு பஞ்சு வரலைன்னா எங்க மூணு பேர் டைமை மட்டும்தானே பார்ப்பீங்க?”

ஆமாம் என்றேன். அவளுக்கு என்ன, காய்ச்சலா என்று கேட்டேன்.

“இன்னும் ஒண்ணும் இல்ல மிஸ்.”

பஞ்சு எங்கே என்றேன். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான், விளையாட்டுச் சாமான் அறைப் படிக்கட்டு என்றாள்.

ஓடினேன். இருபது வருடமாகப் பிள்ளைகளை ஓடச்சொல்லித் திட்டிய நான், கால் பின்னப் பின்ன ஓடினேன்.

பஞ்சு படிக்கட்டின் அடியில் கிடந்தாள். வலது கணுக்கால் கோணலாகத் திரும்பியிருந்தது. ஒருத்தி அதில் ஈரத்துணி வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவள் தலையை மடியில் தாங்கியிருந்தாள். துணியை முன்கூட்டியே நனைத்து எடுத்து வந்திருக்கிறார்கள்.

யாருடி தள்ளினது என்று கத்தினேன்.

“யாரும் தள்ளல மிஸ். நானாத்தான் குதிச்சேன்,” என்றாள் பஞ்சு. உதடு வெளுத்திருந்தது. “நீங்க சொன்ன மாதிரி நாலு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம். நானும் கை தூக்கினேன்.”

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன். அவளைத் தூக்கக் குனிந்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பவாச்சும் எங்க டீமுக்கு ஃபுல் மார்க் போடுவீங்கல்ல மிஸ்?”