பத்து எலுமிச்சம்பழமும் ஒரு சுற்றும்

என் மாப்பிள்ளையை நான் நம்பியதே இல்லை. நேரில் 'வாங்க, உக்காருங்க' என்பேன். மனசுக்குள் அவன் இவன்தான். நாற்பது வருஷம் சந்தையில் எடை போட்டவன் நான். தராசு என்றால்தான் அங்கே என்னைத் தெரியும். கையில் தூக்கிப் பார்க்க முடியாத எதையும் நான் நம்புவதில்லை. அவனோ தூக்க முடியாத சரக்கை வைத்தே பிழைப்பவன். அணுவுக்குள் இருக்கும் பொடிசுகளின் குவாண்டம் கணக்கையும், வளைந்த பரப்புகளின் வடிவக் கணக்கையும் கொண்டுபோய்ச் சந்தை விலையோடு பொருத்துகிறானாம். இதற்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை, ஒரு நாற்காலி.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஆரஞ்சுப் பழத்தின் மேல் தீக்குச்சி ஒன்றை வைத்தான்.

"மாமா, இதைத் திருப்பாம அப்படியே நகத்தி முக்கோணமா ஒரு சுத்து கொண்டாங்க. கிளம்பின இடத்துக்கு வர்றப்ப வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கும்."

நின்றது. ஏதோ ஏமாற்று வேலை என்று மூன்று ஆரஞ்சை உருட்டி நசுக்கினேன். நாலாவதை என் மகள் பிடுங்கிக்கொண்டாள்.

"சந்தையும் இப்படி வளைஞ்சதுதான் மாமா. பண்டத்தை மாத்தி மாத்தி ஒரு சுத்து வந்தா, கிளம்பின அளவு திரும்பி வராது."

"குறைஞ்சு வரும். வேற எப்படி வரும்?" என்றேன்.

பத்து எலுமிச்சம்பழத்தோடு கிளம்பிப் பன்னிரண்டோடு வந்து காட்டுகிறேன் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தான். சனிக்கிழமை மூன்று பேர் பார்க்க வருவார்கள். காட்டினால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் கடல் தாண்டி ஏதோ ஊரில் வேறு வேலை. அவன் போனால் எனக்கென்ன? கூட என் மகளும் போவாள்.

எங்கள் சந்தை ஒரு வட்டக் கொட்டகை. நடுவில் குழாய், சுற்றி ஆறு கடை: எலுமிச்சை, இஞ்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, ஆரஞ்சு. மத்தியானம் கடை கட்டும்போது மிச்சத்தைப் பக்கத்துக் கடையோடு மாற்றிக்கொள்வார்கள். இதற்கு இத்தனை, அதற்கு அத்தனை என்று அந்த இரண்டு கடைக்கு நடுவில் அப்பன் காலத்துப் பேச்சு ஒன்று உண்டு. அந்நேரம் யார் பண்டத்தோடு போனாலும் அதே அளவுதான். பக்கத்துக் கடையைத் தாண்டி என்ன பேச்சு நடக்கிறது என்று ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ஒரு வாரமாக நோட்டும் கையுமாக ஒவ்வொரு கடையிலும் நின்று கேட்டு எழுதியிருந்தான்.

சனிக்கிழமை வந்தார்கள். ஒரு தாடி, ஒரு குடை, அவர்களுக்குத் தலைவியாக ஓர் அம்மாள். அந்த அம்மாள் வாயையே திறக்கவில்லை.

மாப்பிள்ளை பத்துப் பழத்தோடு இஞ்சிக் கடைப் பக்கமாகக் கிளம்பினான். சுற்றி வந்தான். எண்ணினான். மறுபடி எண்ணினான்.

எட்டு.

குடை கடிகாரத்தைப் பார்த்தது. குழாயடியில் நின்ற என் மகள் என்னைப் பார்த்தாள். அவனைத் தனியே இழுத்துப் போனேன்.

"மாப்பிள்ளே, அந்தப் பொடிசுங்களைத் தொட்டுப் பாத்தாலே அது மாறிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா மாமா."

"அப்புறம் நோட்டோட போய் நின்னா எவன் உள்ளதைச் சொல்வான்? வரி போட வந்த ஆளுன்னு, கொடுக்கறதை வாங்கறதாவும் வாங்கறதைக் கொடுக்கறதாவும் மாத்திச் சொல்லியிருப்பான்."

அவன் நோட்டைப் புரட்டினான். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மாமா! அப்ப வளைவு இருக்கு! நான்தான் தப்பான பக்கம் சுத்திட்டேன்!"

"கத்தாதீங்க. பழத்தைக் கொடுங்க." அந்த மூன்று பேரிடமும் போய், "நீங்க கை கழுவற மாதிரி நில்லுங்க. இந்தப் பக்கம் பாக்கவே கூடாது" என்றேன்.

கழுவினார்கள்.

ஆரஞ்சுக் கடைப் பக்கமாகக் கிளம்பினேன்.

"என்ன தராசு, ஓய்வுக்கப்புறம் வியாபாரமா?" என்றாள் ஆரஞ்சுக்காரி.

"பேச்சைக் குறைச்சுப் பழத்தைப் போடும்மா."

முட்டை, கிழங்கு. "இது என்னய்யா, உன் மாமியார் மூக்கு மாதிரி இருக்கு? இன்னொண்ணு சேத்துப் போடு." வெங்காயம், இஞ்சி, கடைசியில் எலுமிச்சை. கொண்டுவந்து கொட்டினேன்.

"பதிமூணு!" என்று கத்திய தாடியின் கண்ணாடி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. எனக்கோ கொட்டகையே சுற்றியது.

அப்போதுதான் அந்த அம்மாள் வாயைத் திறந்தாள். "இது உங்க கணக்கா, இல்ல உங்க மாமனார் வாயா?"

கணக்குதான் என்று அடித்துப் பேசுவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் பேசியிருப்பேன்.

"தெரியலைங்க மேடம்" என்றான். "பேசவே பேசாத ஒருத்தர் சுத்தி வந்தாத்தான் தெரியும்."

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தோம்.

பத்துப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். விரலை நீட்டினாள், வாங்கினாள், அடுத்த கடை. முட்டைகளைப் பச்சைக் குழந்தை போல நெஞ்சோடு அணைத்து நடந்தாள். திரும்பி வந்ததும் நானே எண்ணினேன். பன்னிரண்டு. அவளுக்கு விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. "இன்னொரு சுத்து போகலாமா?"

"கூடுதலா வந்த மூணுல ஒண்ணுதான் உங்க வாய், மாமா" என்றான் மாப்பிள்ளை. "மிச்ச ரெண்டு கணக்கு."

அதற்கப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? தாடி ஓடியது, குடை ஓடியது, என் மகளும் ஓடினாள். மூன்றாவது சுற்றில் வெங்காயக்காரி, "ஓஹோ, அப்படியா சங்கதி!" என்று அளவை மாற்றினாள். மற்றவர்களும் மாற்றினார்கள். பத்தோடு போனால் பத்துதான் வந்தது.

"தட்டையாயிடுச்சு!" என்று அதற்கும் குதித்தான் மாப்பிள்ளை. "இதையும் எழுதியிருக்கேன் மேடம், நாப்பதாம் பக்கம்!"

"திங்கட்கிழமை எப்பவும் போல வந்துடுங்க" என்றாள் அந்த அம்மாள், விக்கலுக்கு நடுவில்.

வீட்டில் அவன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். அந்த அம்மாளின் பையில் இரண்டு பழத்தை இவனே நழுவவிட்டிருப்பானோ என்று எனக்கு ஒரு யோசனை. சேச்சே, மனுஷனை நம்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன். பொய். கோட்டுப் பை இரண்டையும் தடவினேன். எலுமிச்சை வாசனைகூட இல்லை. ஒரு தீக்குச்சி மட்டும் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு, மகளுக்குத் தெரியாமல் இன்னோர் ஆரஞ்சைத் தேடிப் போனேன்.