நானூற்றுப் பன்னிரண்டு +1

1

இந்தக் கதை ஒரு மீன் கஞ்சியிலிருந்து வந்தது. போன வாரம் என் பழைய கைபேசிக்குச் சார்ஜ் போட்டேன். முதலில் வந்து நின்ற படம் ஒரு கிண்ணம் கஞ்சி. மேலே முள் எடுத்த பால் கெண்டைத் துண்டு, கீழே ஒரு மருத்துவக் கட்டுரையின் இணைப்பு. அப்படியே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடம் எழுதாமல் விட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். (சொல்வேனா, பார்ப்போம்.)

முதல் தொடக்கம்: "தைவானின் தைனான் நகரில் ஜூன் மாத மழை பெய்துகொண்டிருந்த ஒரு..."

வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "இருபத்திரண்டு வயதில் நான் கவனத்தை எண்ணும் வேலை பார்த்தேன்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

மருத்துவக் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளம். நானும் துங் அண்ணனும் மட்டும். எங்கள் கல்லூரி ஆட்கள் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் அதைப் பற்றி இணையத்தில் யார் பேசினார்கள், எத்தனை பேர் பேசினார்கள் என்று எண்ணி மேலே அனுப்ப வேண்டும்.* ஏசி ஒரு வாளியில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டுரை நூறைத் தாண்டினால் துங் அண்ணன் மேசையில் திருகி வைத்திருந்த சைக்கிள் மணியை அடிப்பார். அந்தக் கிணிங் சத்தத்துக்காகவே நான் எண்ணினேன். இப்போது அந்த அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணுவதை முழுக்க இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. மணி எங்கே போனதோ.

(*திட்டினாலும் எண்ணிக்கைதான். கவனம் வேறு, பாராட்டு வேறு. இதை அப்போதே சுவரில் எழுதி ஒட்டியிருக்கலாம்.)

3

லியாவ் மெய்-யுன்னை முதல் வரைவில் ஒல்லியாக, சோகமாக எழுதினேன். பொய். நன்றாகச் சாப்பிடுகிற, தலைக்கவசம் அழுத்திய முடியோடே கூட்டத்துக்கு வருகிற ஆள். செவிலியர் துறையில் ஆராய்ச்சி. முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரையும் "பா-தா-கா, பா-தா-கா" என்று பத்துத் தடவை உரக்கச் சொல்லவைப்பார். நாக்கும் உதடும் விழித்துக்கொள்ளும், புரையேறுவது குறையும். அவருடைய கட்டுரை அதுதான். மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பதா என்று வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு. முடிவெடுக்கும் குழு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: "யாராவது படிக்கிறாங்கன்னு காட்டுங்க."

காட்ட வேண்டியவன் நான்.

4

புதன்கிழமை கிடைத்தது. ஃபேஸ்புக்கில் ஒரே பதிவு, கட்டுரையின் இணைப்போடு. கீழே நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள், எல்லாம் "+" போட்டுத் தொடங்குபவை. எங்கள் ஊரில் ஒருவர் சொன்னதற்குக் கீழே +1 என்று போட்டால், "நானும் அப்படித்தான்" என்று அர்த்தம். அதனால் "+" என்றால் ஆதரவு என்று பதிவுகளைத் தேடி எண்ணித்தரும் மென்பொருளுக்கு நான்தான் சொல்லிவைத்திருந்தேன். கிணிங்!

வியாழன் மதியம் துங் அண்ணன் கூப்பிட்டார்.

"டேய் ஆ-ஷெங், இங்க வா. இந்தம்மா +3 போட்டிருக்காங்க."

"அவ்வளவு பிடிச்சிருக்கு போல, அண்ணே."

"ஒரு ஆளு மூணு தடவை எப்படிடா ஒத்துக்குவாங்க? இதப் பாரு. '+5, கோயில் வாசல்ல வந்து வாங்கிக்கறேன்'னு இருக்கு. ஆதரவைக் கோயில் வாசல்ல வெச்சா குடுப்பாங்க?"

பதிவைத் திறந்தேன். அதுவரை திறக்கவே இல்லை, மென்பொருள் காட்டிய கட்டத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். மேலே கஞ்சிப் படம். 'வயசானவங்க தொண்டையில சிக்காது, டாக்டருங்களே எழுதியிருக்காங்க, எத்தனை பாக்கெட் வேணும்?'

கூட்டாகச் சேர்ந்து சாமான் வாங்குகிறவர்களும் எங்கள் ஊரில் +1 என்றுதான் எழுதுவார்கள். அதாவது, எனக்கு ஒன்று. என் அம்மா சோப்பு வாங்குவதே அப்படித்தான்.

"கட்டுரையைக் காட்டிக் கஞ்சி வித்திருக்காங்கடா," என்றார் துங் அண்ணன். மணியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

5

லியாவ் அக்காவை ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"அக்கா, அந்த நானூத்திப் பன்னெண்டு ஆதரவு இல்ல. கஞ்சி ஆர்டர்."

"எது, பால் கெண்டைக் கஞ்சியா? அடப்பாவி, நானே +6 போட்டேனேடா!"

"அதுல இருந்தது உங்க கட்டுரைதான், அக்கா."

"நான் மீனைத்தான் பார்த்தேன்."

வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "ஒண்ணுகூடவா நெசம் இல்ல?"

ஒன்று இருந்தது. காட்டினேன். '+2. அப்பா இப்ப பா-தா-கா சொல்லிட்டுத்தான் சாப்பிடறார். ஒரு வாரமா இருமலே இல்ல.'

உதடு அசைய மூன்று தடவை படித்தார்.

"யாரு இது?"

"தெரியலக்கா."

"ஒண்ணுன்னு போட்டா என் வேலை போயிடும்டா. நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டா இவரு அதுக்குள்ள தொலைஞ்சு போயிடுவாரு." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "எண்ணுற ஆளு நீதானே? நீயே எண்ணு."

6

முடிவு அ: நான் திருத்துகிறேன். குழு அந்த ஒற்றை வரியைப் படித்து உருகுகிறது. (நம்புவீர்களா? நான் நம்பவில்லை.)

முடிவு ஆ: நான் திருத்தவில்லை. லியாவ் அக்கா வேலையில் நீடிக்கிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம்... இந்த வரியை நாலு தடவை தொடங்கினேன், முடிக்க வரவில்லை.

உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுதான். வெள்ளிக்கிழமை, பத்துக்கு ஐந்து நிமிடம். என் பையில் இரண்டு தாள்கள். ஒன்றில் 412. இன்னொன்றில் 1, அதன் கீழே அந்த அப்பாவைப் பற்றிய வரி. தாழ்வாரத்தின் கடைசியில் லியாவ் அக்கா, அன்றைக்குப் பார்த்து முடியைச் சீவியிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. கதவு திறந்து ஒரு கை நீண்டது. நான் பைக்குள் கையை விட்டேன்.

எதைக் கொடுத்தேன் என்று எழுத முடியாமல்தான் ஏழு வருடம். இதோ, இப்போதும் முடியவில்லை.

நீங்கள் எதைக் கொடுத்திருப்பீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், முழு வாக்கியமாக. தயவுசெய்து +1 என்று மட்டும் போடாதீர்கள். நான் எண்ணிவிடுவேன்.